ராகு காலத்துக்கு முன்னால் ஒரு க்ளிக்

போன செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மன்னியிடமிருந்து போன். காலையிலிருந்து அவர்கள் தெருவில் கரண்ட் இல்லையாம், இப்போதுதான் வந்ததாம். ஃபேன் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது. கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் ஓடவில்லை.

"சீனு, கறுப்பா ஸ்கிரீன் வந்து என்னமோ இங்கிலீஷ்ல எழுதிண்டு நிக்கறது. உங்கண்ணா அதையே பார்த்துண்டு உட்கார்ந்திருக்கார். கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

மன்னி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஈரக் கையோடு செருப்பைத் தேடினேன். ஏன் என்று கேட்கிறீர்களா? நான்கு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, அந்தப் பெட்டியில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பெட்டிப் பைத்தியம் தெரியும். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனசு வராது. பெரிய டிஸ்க் ஒன்றை உள்ளே வைத்து, குடும்பத்தின் போட்டோ, பத்திரம், பாஸ்போர்ட் நகல் என்று எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைப்பேன். அபிராமபுரத்தில் என் வீட்டில் ஒரு பெட்டி, அதில் என் வீட்டுச் சமாச்சாரம் மட்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் அண்ணா வீட்டில் ஒரு பெட்டி.

அண்ணா வீட்டுப் பெட்டியில் இப்போது இருப்பது போட்டோ மட்டும் இல்லை. அண்ணாவின் குரலும் அங்கேதான் இருக்கிறது.

இதைச் சொல்லியாக வேண்டும். என் அண்ணா, கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் பாடம் எடுத்தவர். மூன்று மாதம் முன்னால் தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அது வழியாகத்தான் மூச்சு. பேச்சு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான் இப்போது அவருடைய வாய்.

ஆபரேஷனுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு யோசனை சொன்னார். குரல் இருக்கும்போதே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிற்பாடு அதை வைத்து, நீங்கள் டைப் செய்வதை உங்கள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும்படி செய்யலாம். வாக்கியப் பட்டியலும் அவரே கொடுத்தார். 'இன்று வானம் தெளிவாக உள்ளது' ரகம். அண்ணா அதைப் பார்த்துவிட்டு, என் ஆயுளில் இப்படி நான் பேசியதே இல்லை என்று சொல்லி, தானே ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டார். ஐந்து வாரம், படுக்கை அறை ஜன்னலுக்கு ஜமக்காளம் கட்டி, ஃபேனை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்கப் பேசினார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. கம்ப்யூட்டருக்கு அந்தக் குரலைப் பழக்கும் வேலை இன்னும் பாக்கி.

எல்லாம் என் போனில்தான் பதிவானது. பதிந்ததைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, போனில் இடம் இல்லை என்று அழித்ததும் நான்தான். ஒரு பென் டிரைவிலும் போட்டு வைக்கலாமே என்று மன்னி அப்போதே கேட்டார். நான் சிரித்தேன். இரண்டு வீட்டில் இரண்டு டிஸ்கில் இருக்கும்போது பென் டிரைவ் எதற்கு மன்னி என்றேன்... அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

இரண்டு டிஸ்க் ஏற்பாடு என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒன்று எப்போதும் அண்ணா வீட்டுப் பெட்டியில். இன்னொன்று என் வீட்டு பீரோவில். மாதம் ஒரு தடவை என்னுடையதைக் கொண்டுபோய் அதே பெட்டியில் செருகினால், அந்த மாதத்தில் சேர்ந்ததையெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டுவிடும். பிறகு கழற்றி எடுத்து வந்துவிடலாம். ஒரு வீட்டில் தீ, திருட்டு, தண்ணீர் என்று எது வந்தாலும் இன்னொரு வீட்டில் நகல் பத்திரம்.

மாதம் ஒரு தடவை என்றால் எந்த நாள்? எங்கள் வீட்டில் அதற்கு யோசனையே தேவைப்படவில்லை. அமாவாசை. அன்று தர்ப்பணத்துக்கு எப்படியும் அண்ணா வீட்டுக்குப் போவேன். வாத்தியார் ஒருவரே, இருவரும் சேர்ந்தே உட்கார்ந்துவிடுவோம். என் பையில் பஞ்சபாத்திரம், எள் டப்பா, தர்ப்பை, கூடவே துண்டில் சுற்றிய டிஸ்க். மன்னி அதற்கு 'அமாவாசை டிஸ்க்' என்றே பேர் வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அமாவாசை.

அதற்கு ஒரு மாதம் முன்னால் அண்ணா வீட்டுப் பெட்டியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசாக்கியிருந்தேன். ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து உள்ளே போகும்போதெல்லாம் மஞ்சள் நிறத்தில் ஒரு அறிவிப்பு. உங்கள் டிஸ்கில் சில புதிய வசதிகள் இன்னும் இயக்கப்படவில்லை. இயக்காவிட்டாலும் பழையபடி வேலை செய்யும். இயக்க விரும்பினால் இங்கே அழுத்தவும். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: இயக்கிய பிறகு பழைய மென்பொருளால் இந்த டிஸ்கைத் திறக்க முடியாமல் போகலாம், பின்வாங்க வழி இல்லை.

டிஸ்க் என்பது பீரோ மாதிரி. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று வீட்டு மனுஷி மனசில் வைத்திருக்கும் ஒழுங்குதான் ஃபைல் சிஸ்டம். சாமான் அதேதான், பீரோவும் அதேதான். ஒழுங்கை மட்டும் புது மாதிரி மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறது பெட்டி. மாற்றினால் பழைய ஆள் வந்து திறந்தால் ஒன்றும் புரியாது.

விவரம் தெரிந்தவன் என்ன செய்வான்? பழையபடியே வேலை செய்கிறதே என்று விட்டுவிடுவான். என்னால் முடியாது. மஞ்சளாக ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், பல்லில் நார் மாட்டிய மாதிரி எனக்கு இருப்புக் கொள்ளாது.

அன்று தர்ப்பணத்தின்போது மனசு ஏற்கெனவே சரியாக இல்லை. வாத்தியார் மந்திரம் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, பக்கத்தில் அண்ணா உதட்டை மட்டும் அசைத்தார். சத்தம் வரவில்லை. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். முடிந்ததும் ஏதாவது வேலையில் மூழ்க வேண்டும் போலிருந்தது. நேராகப் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

டிஸ்கைச் செருகினேன். அது தன் பாட்டுக்கு எழுதிக்கொள்ள ஆரம்பித்தது. மஞ்சள் அறிவிப்பும் வந்தது. மணியைப் பார்த்தேன், பத்து இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். நிறைந்த அமாவாசை, நல்ல காரியம் ஆரம்பிக்கலாம், ஆனால் பத்தரைக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். எழுதி முடித்து, என் டிஸ்கைக் கழற்றி, அப்புறம் நிதானமாகச் செய்வதுதான் முறை. அதற்கு முக்கால் மணியாவது ஆகும். அதற்குள் ராகு காலம் வந்துவிடுமே...

சிரிக்காதீர்கள். வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ராகு காலத்துக்குப் பயந்து, குடும்பத்தின் இரண்டே இரண்டு நகலும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற நேரம் பார்த்து, பின்வாங்க வழி இல்லை என்று எழுதியிருந்த பட்டனை அழுத்தினேன். அப்போது மணி பத்து இருபத்தெட்டு.

மஞ்சள் மறைந்தது. எல்லாம் நன்றாக ஓடியது. பதினொன்றேகாலுக்கு என் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, வாழைக்காய்க் கறியும் மோர்க்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தடவை அணைத்துப் போட்டால்தான் தெரியும். அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஆட்டோ பிடித்துப் போனேன். கறுப்புத் திரையில் இரண்டே வரிகள். இந்த டிஸ்கில் எனக்குத் தெரியாத வசதிகள் இருக்கின்றன, திறக்க முடியவில்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மூன்று தடவையும் அதே இரண்டு வரி.

அண்ணா நாற்காலியை நகர்த்தவில்லை. அரை அடி தூரத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை எடுத்து ஒரே ஒரு சொல் எழுதி என் பக்கம் திருப்பினார்.

'குரல்?'

பேசாத ஒரு மனிதர் முன்னால் குற்றவாளியாக நின்றிருக்கிறீர்களா? திட்டுகிற ஆளிடம் ஒரு சௌகரியம் இருக்கிறது, எவ்வளவு கோபம் என்று நமக்கு அளவு தெரிந்துவிடும். இங்கே எதுவும் தெரியாது. பத்திரமாக இருக்கிறது அண்ணா, தூசி அடைத்திருக்கும், தட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா? அதுவும் தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அபிராமபுரம் வந்தேன். வழியெல்லாம் ஒரே தைரியம்தான், இன்னொரு நகல் என் பீரோவில் இருக்கிறது. வந்ததும் அதை எடுத்து என் வீட்டுப் பெட்டியில் செருகினேன். என்னுடையது பழசு, ஆபரேட்டிங் சிஸ்டத்தை நான் புதுசாக்கவே இல்லை.

இந்த டிஸ்கில் எனக்குத் தெரியாத வசதிகள் இருக்கின்றன, திறக்க முடியவில்லை.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை பத்து இருபத்தெட்டுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்பது முழுசாக உறைத்தது. நான் அழுத்தியபோது இரண்டு டிஸ்கும் உள்ளே இருந்தன. இரண்டுமே மாறிவிட்டன. பழைய ஒழுங்கில் இருக்கிற ஒரு பிரதிகூட உலகத்தில் எங்கேயும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்று சொல்ல முடியுமா? எந்தக் குரலை வைத்து? அது ஆஸ்பத்திரியில் எந்த டப்பாவிலோ போய் மூன்று மாதம் ஆகிறது.

ஒரு விஷயம் நினைவுக்கு வந்து இன்னும் பயமுறுத்தியது. ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சம்மதப் பத்திரம் கொடுத்தார்கள். சாட்சிக் கையெழுத்து நான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். 'இதன் பிறகு இயல்பான குரலை மீட்க இயலாது' என்ற வரியில் நிறுத்தி, வேறு வழியே இல்லையா என்று டாக்டரை மூன்று தடவை கேட்டேன். நான்காவது தடவை அண்ணாவே என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். பின்வாங்க வழி இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தால் நடுங்குகிறோம். திரையில் எழுதியிருந்தால் 'சரி'யை அழுத்துகிறோம். அது ஏன்?

ராயப்பேட்டையில் செல்வி என்று ஒருவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஆற்றோரத்தில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு, குடும்பத்தை ஊர்க் கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி தினமும் வந்து கடையைத் திறக்கிறவர். பார்த்த மாத்திரத்தில் என்ன கோளாறு என்று சொல்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பெட்டியையும் அதன் டிஸ்கையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்னொரு டிஸ்கை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டையும் ஒரே ஆட்டோவில் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, உள்ளே குழந்தையா என்று கேட்டார். மெதுவாகப் போங்கள் என்றேன்.

செல்வி திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் பண்ணி வச்சிகீறீங்க? மறைக்காம சொல்லுங்க. டாக்டர்கிட்ட பொய் சொன்னா அவரு இன்னாத்த பார்ப்பாரு?"

சொன்னேன். மஞ்சள் அறிவிப்பு, இரண்டு டிஸ்க், ராகு காலம், எல்லாம். ராகு காலம் வந்தபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே இருப்பது என்ன என்று சொன்னதும் கையை எடுத்துவிட்டார். அப்புறம் சிரிக்கவில்லை. திரை இப்படி வந்த பிறகு ஃபார்மட், ரிப்பேர் என்று எதையாவது அழுத்தினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நிச்சயமாக இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டார்.

"அப்ப பொழச்சிகீறீங்க. பொருளு உள்ளதான் கீது சார். தொறக்கறவனுக்குத்தான் புச்சு ஒழுங்கு தெரில."

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பெட்டியை உயிர்ப்பிக்கும்போது, முதலில் ஒரு சின்ன நிரல் எழுந்து, டிஸ்கைத் திறந்து, மற்றவர்களை எழுப்பும். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசாக்கியபோது நான் அந்தச் சின்ன நிரலைப் புதுசாக்கவில்லை. டிஸ்கின் ஒழுங்கு மாறியது அதற்குத் தெரியாது. அபிராமபுரத்துப் பெட்டிக்கும் தெரியாது. புதிய ஒழுங்கு தெரிந்த ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை பென் டிரைவில் போட்டு, அதை வைத்து எழுப்பினால் திறக்க வாய்ப்பு இருக்கிறது. வாய்ப்பு என்றுதான் சொன்னார். கரண்ட் போன நேரத்தில் டிஸ்கிலேயே ஏதாவது அடிபட்டிருந்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

பென் டிரைவ் தயாராக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டீ குடித்துவிட்டு வரச் சொன்னார், போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை. இனி ஏதோ ஒரு கடைக் குரலில் கம்ப்யூட்டர் அவருக்காகப் பேசும். மன்னி அந்தக் குரலோடு குடித்தனம் நடத்த வேண்டும். அதற்குக் காரணம் நான். போனில் மன்னி இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்க முடியவில்லை.

பென் டிரைவைச் செருகினார். பெட்டி எழுந்தது. எதையும் எழுதாமல் படிக்க மட்டும் திறக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஏதோ தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி... பிறகு வரிசையாகப் பெயர்கள் ஓடின. போட்டோ, பத்திரம், பாஸ்போர்ட், குரல்.

எனக்கு மூச்சு வந்தது. செல்விக்குத் திருப்தி இல்லை. பெயர் இருந்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும் என்றார். நடுவிலிருந்து ஒன்றைத் தொட்டார்.

"ரசம் ஆறிப் போச்சு. இதைக் குடிக்கவா நான் ஆபரேஷன் பண்ணிண்டு உயிரோட வந்தேன்?"

ராயப்பேட்டை ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அண்ணாவின் குரல். மூன்று மாதம் கழித்து. வகுப்பில் கடைசி பெஞ்சையும் எழுப்புகிற அதே அதட்டல். ஆபரேஷனுக்கு முன்னாலேயே உட்கார்ந்து யோசித்து, பிழைத்து வந்த பிறகு மன்னியைச் சண்டைக்கு இழுக்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருக்கிறார் மனிதர். நான் அழுதேன். கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

முதலில் குரலை மட்டும் இரண்டு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தார் செல்வி. ஆமாம், மன்னி அன்று கேட்ட அதே பென் டிரைவ். அதற்குப் பிறகுதான் பெட்டியின் சின்ன நிரலைப் புதுசாக்கினார். பென் டிரைவைக் கழற்றிவிட்டுப் போட்டபோது பெட்டி தானாகவே எழுந்தது. கிளம்பும்போது, இனிமேல் இப்படிப் பட்டனை அழுத்துகிற நாளில் ஒரு டிஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் பெட்டியை அண்ணா வீட்டில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். எழுந்தது. தூசிதான் என்று சொல்லி முடித்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மேஜையில் அந்த நோட்டு, மதியம் எழுதிய பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அந்த ஒற்றைச் சொல்லுக்குக் கீழே வேறு எதுவும் எழுதப்படவில்லை. மத்தியானம் முழுக்க மனிதர் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மன்னி பக்கத்தில் நின்று கேட்டார். சொல்லி முடித்ததும் என்ன வரும் என்று தெரியாமல், அறுபது வயசில், சின்னப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணா எழுந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தார். குரல் என்று பெயரிட்டதைத் திறந்தார். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் வாக்கியமே பெயர். மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனார். எனக்கு ஏற்ற திட்டைத் தேடுகிறார் என்று புரிந்தது. பட்டியலில் திட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை, நானே பார்த்தேன். எதையும் போடவில்லை. கடைசி வரை போனார், மறுபடி மேலே வந்தார், இன்னொரு தடவை கடைசி வரை போனார். அந்த இரண்டு மூன்று நிமிஷம், கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தைவிட நீளம்.

பிறகு மௌஸை விட்டுவிட்டு நோட்டை எடுத்தார். எழுதினார், கிழித்தார், என்னிடம் நீட்டினார்.

'ரெண்டு தடவை தேடிட்டேன். உன்னை மன்னிக்கிற மாதிரி ஒண்ணுமே பேசி வைக்கலை. தோணவே இல்லை. இதை வெச்சுண்டு சமாளிச்சுக்கோ.'

அந்தத் தாளை ஸ்கேன் செய்து பெட்டியில் ஏற்றிவிடேன் என்றார் மன்னி. மாட்டேன் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.